பாத்திஹாவுக்குப் பிறகு பேசியவன்

ஜும்ஆத் தொழுகை முடிந்தும் யாரும் எழும்பவில்லை.

மற்ற வெள்ளிகளில் துஆ முடிவதற்குள் வாசலில் செருப்புத் தேடும் சத்தம் தொடங்கிவிடும். அன்று அது இல்லை. நானூறு பேர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வெளியே கச்சான் காற்று மணலை அள்ளிச் சுவரில் எறிந்துகொண்டிருந்தது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் ஹவுள் தொட்டியின் பக்கத்தில் வாளியொன்று சாய்ந்து, கொஞ்சத் தூரம் உருண்டு, நின்றது.

தலைமை மரைக்கார் இடுப்பு வாரிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து விரித்தார். எங்கள் பக்கத்தில் தாய்வழிக் குடி ஒவ்வொன்றுக்கும் ஒரு மரைக்கார். அவர்கள் கூடித்தான் பள்ளிவாசலையும் ஊரையும் நடத்துவார்கள். பத்துப் பதினொரு பேர் முன்வரிசையில் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அது பத்திரிகைத் தாள் என்று எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. மூன்றாம் பக்கம், இடப்புற மேல்மூலை. என்னுடைய வாரக் கடிதம்.

"இத எழுதின நீதானே மனே?"

"ஓம்."

"எழுதியிரிக்கிற உண்மையா?"

"ஓம்."

"உனக்கு ஆரு சொன்ன?"

நான் பன்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் ஒரு இழை பிரிந்து நின்றது. எனக்குச் சொன்னவர், கேட்டவருக்கு வலப்பக்கம் மூன்றாவது ஆளாக இருந்தார். தலையை நிமிர்த்தாமலே அவருடைய தஸ்பீஹ் மணி ஓடுவது எனக்குக் கேட்டது. பிறகு அது நின்றது.

மரைக்கார் மூன்று தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டபோது பின்னாலிருந்து வாப்பா இருமினார். எனக்கு அந்த இருமல் தெரியும்.

"சொல்ல ஏலா" என்றேன்.

ஒரு ஆசிரியரின் கேள்வி

இந்தத் தொடரில் சென்ற வாரத்துக்கு முந்திய அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் காரைதீவிலிருந்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் எழுதியிருந்தார். "ஊர்க்கட்டு நல்லது, பெரியவர்களின் தீர்ப்பு நல்லது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்களே, அந்தக் கட்டு உங்கள் கழுத்தில் என்றைக்காவது விழுந்திருக்கிறதா?"

விழுந்திருக்கிறது. எழுத வேண்டாம் என்று வைத்திருந்தேன். அன்று தஸ்பீஹை நிறுத்திய அந்த மனிதர் மௌத்தாகி இரண்டு வருடம் ஆகப்போகிறது. அவருடைய மகனிடம் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் இதை எழுதுகிறேன். ஊரின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். கல்முனையை அண்டிய கடலோர ஊர்கள் ஒன்றின் வேலியில் மற்றது சாய்ந்துகொண்டு நிற்பவை. எந்த ஊர் என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை.

விரற்கடைக் கணக்கு

தொடரை இடையில் எடுத்தவர்களுக்காக: நான் கரைவலை இழுக்கிறவரின் மகன். எங்கள் வீட்டில் பேனை பிடித்த முதல் ஆள். எஸ்.எஸ்.சி. சித்தியடைந்துவிட்டு வேலையில்லாமல் இருந்த ஒரு மாரியில், சம்மாந்துறைப் பக்கம் வாய்க்கால் உடைந்து வயலுக்குள் வெள்ளம் போனதை நேரில் பார்த்துவந்து, கொழும்பிலுள்ள ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன். போட்டார்கள். அடுத்ததும் அனுப்பு என்றார்கள். இரண்டு வருடத்தில் செய்தியோடு வாரம் ஒரு அரசியல் கடிதமும் எழுதும்படி பத்திரிகை ஆசிரியர் கேட்டார்.

பத்திரிகை இரவு ரயிலில் மட்டக்களப்புக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கல்முனைக்கு வரும். நான் சைக்கிளில் போய் வாங்கி வருவேன். வாப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. கடிதத்தின் மேல் விரல்களை அடுக்கி அளந்து பார்ப்பார், மீனை அளக்கிற மாதிரி.

"இண்டைக்குப் பதினாலு விரற்கட. போன கிழம பன்ரெண்டுதான்" என்பார். கூடினால் நல்ல கடிதம். குறைந்தால், கொழும்பில் என்மேல் ஏதோ கோபம்.

என் அரசியல் அந்தக் கடற்கரையிலிருந்து வந்தது. கரைவலைக்கு இரண்டு கயிறு. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும், மீன் போய்விடும். ஆகவே ஒருவர் நடுவில் நின்று குரல் கொடுப்பார், மற்றவர்கள் இழுப்பார்கள். அந்த இடத்தில் யாரும் கைதூக்கி வாக்கெடுப்பதில்லை. சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையின் கூரையில் ஒலிபெருக்கி கட்டி, கொழும்பிலிருந்து வந்த இடதுசாரிப் பேச்சாளர் ஒருவர் "இழுக்கிறவனுக்கே வலை" என்று முழங்கினார். கூட்டம் கைதட்டியது. வலை எல்லோருக்கும் சொந்தமான பிறகு குரல் கொடுப்பது யார் என்று நான் அந்த வாரக் கடிதத்தில் கேட்டேன்.

அதன் பிறகு எனக்கு ஒரு பட்டம் கிடைத்தது. "போடிமார்ட பேன." போடிமார் என்றால் நூறு ஏக்கர், இருநூறு ஏக்கர் வயல்காரர்கள். அவர்களில் ஒருவர்கூட என்னை வீட்டுக்கு அழைத்து ஒரு தேத்தண்ணி தந்ததில்லை. என் வயதுப் பொடியன்மார் எல்லாம் மற்றப் பக்கம் நின்றார்கள். சலூனில் நான் நுழைந்தால், "மெள்ளக் கதைங்கடா, பழைய காலம் வருகுது" என்பான் ஒருத்தன். நானும் சிரிப்பேன். முடி வெட்டிக்கொண்டு தனியே வருவேன்.

இன்றைக்கு அந்தக் கடிதங்களைப் படித்தால் கொஞ்சம் அதிகப்பிரசங்கமாகத்தான் தெரிகிறது. கருத்தை மாற்றிக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். தொனியைத்தான் சொல்கிறேன்.

செய்த பிழை

அந்த வருடம் தேர்தல். எங்கள் பகுதியில் நின்ற ஊர்க்காரர் அதுவரை ஆளுங்கட்சியில் இருந்தவர். வேட்புமனுவுக்குச் சில நாள் இருக்கையில் எதிர்ப்பக்கம் தாவினார். ஊர் அவரையே ஆதரிப்பது என்று பள்ளிவாசலில் மரைக்கார்மார் கூடி முடிவெடுத்தார்கள்.

அந்த முடிவெடுக்கும் முறையைச் சொல்ல வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார்கள். உள்ளே யாரும் எதையும் பேசலாம், ஏசவும் செய்யலாம். கடைசியில் குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹாவை ஓதுவார்கள். அத்தோடு எல்லா வாயும் ஒரு வாய். உள்ளே யார் எதிர்த்தது, யார் கோபித்தது என்பது வெளியே வராது. பெண்சாதிக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். மேடை போட்டு ஏசிக்கொள்வதைவிட இது மேலான முறை என்று நானே ஒரு கடிதம் முழுக்க எழுதியிருந்தேன். பதினைந்து விரற்கடை.

முடிவெடுத்த மறுநாள் அந்திக்கு அகமது லெவ்வை மரைக்கார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய மூத்த மகனுக்கு என் தங்கை சுபைதாவைப் பேசி முடித்திருந்தது. கலியாணத்துக்கு நாள் வைப்பதைப் பற்றிக் கதைக்க வந்தவர், போகும்போது முருங்கை மரத்தடியில் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனம் பொறுக்காமல் சொன்னார். அவரும் இன்னொரு மரைக்காரும் எதிர்த்தார்களாம். கட்சி தாவினவனை நம்பி ஊரைக் கொண்டுபோய் விடாதீர்கள் என்றார்களாம். எடுபடவில்லை.

எழுதாதே என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

நான் எழுதினேன். பெயரில்லை, "இரு மரைக்கார்மார் உறுதியாக எதிர்த்தனர்" என்று ஒரு வசனம். என் பக்கத்துக்கும் ஊரில் ஆள் இருக்கிறது என்று கொழும்புக்குக் காட்ட ஆசைப்பட்டேன். அதுதான் காரணம், வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை. ஊரில் வாயால் சொன்னால்தான் குற்றம், கொழும்பில் அச்சடித்தால் அது வேறு இடம் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்க வேண்டும். பத்திரிகை வந்த அன்றே சலூனில் அந்த வசனத்தை மூன்று தரம் வாசித்தார்களாம்.

வேலியோடு கதைத்தவர்

சொல்ல ஏலா என்றேன் அல்லவா. தீர்ப்புச் சுருக்கமாக வந்தது. ஊர் விலக்கு. நான் இருக்கிற வீட்டு நல்ல காரியங்களுக்கு ஊர் வராது. ஊரின் கலியாணத்துக்கும் கந்தூரி விருந்துக்கும் என்னை அழைக்கமாட்டார்கள். மௌத்து என்றால் மட்டும் வருவார்கள். என்னோடு ஒரு சகனில் யாரும் உட்காரக் கூடாது.

சகன் என்பது எங்கள் விருந்துத் தட்டு. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருக்கும் சோற்றை அவரவர் அள்ளிச் சாப்பிடுவது. ஐந்து பேர் இருந்தால் ஆறாவது ஆள் வந்து உட்காரும்வரை மூடியைத் திறக்கமாட்டார்கள். தனி ஆளுக்குச் சகன் கிடையாது.

அன்று பள்ளிவாசலிலிருந்து வாப்பாவும் நானும் ஒன்றாக நடந்து வந்தோம். எதிரே வந்தவர்களுக்கு நான் ஸலாம் சொன்னேன். பதில் சொல்வது கடமை என்பதால் வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் மோதினார் வந்தார். பாங்கு சொல்வதும், கலியாண வீடுகளுக்கு வீடு வீடாகப் போய் அழைப்புச் சொல்வதும் அவர் வேலை. ஊரிலேயே அதிகம் கதைக்கிற மனிதர். விலக்கி வைக்கப்பட்டவனோடு கதைக்கக் கூடாது என்பதால் என்னைப் பார்க்காமல், கிடுகு வேலியின் கட்டையொன்றில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"வேலியே, கேளு" என்றார். "நான் உன்னோடதான் கதைக்கன். அகமது லெவ்வை மரைக்கார் சொல்லி விட்ட. சம்பந்தத்த முறிக்க அவருக்கு மனமில்ல. ஆனா இந்த வீட்டில விலக்கு இரிக்கும்வரைக்கும் மாப்புள வர ஏலாதாம். ஊர் வராத வீட்டுக்கு அவர்ர மகன எப்பிடி அனுப்புற?"

"விலக்கு வீட்டுக்கா, ஆளுக்கா?" என்று நான் கேட்டேன்.

மோதினார் யோசித்தார். "வேலியே, நல்ல கேள்வி கேக்காய். ஆளுக்குத்தான். ஆள் எங்க இரிக்கானோ அந்த வீட்டுக்கு."

சொல்லியனுப்பியவரின் பெயரைக் கேட்டதும் உள்ளே ஒரு நிமிடம் ஏதோ எரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன். மோதினாரைத் திருப்பி அனுப்பி, "மூன்றாவது ஆளிடமே கேளுங்கள்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என் விலக்கு அன்றே போயிருக்கும். அவர் மரைக்கார் பதவியும் போயிருக்கும். சுபைதாவின் கலியாணமும்.

கொஞ்சம் முந்திப் போனவன்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். ஆண்பிள்ளை ஒருநாள் வேறு ஒரு வீட்டுக்குப் போவான். அந்த வீட்டை வாப்பா சுபைதாவுக்காகத்தான் கட்டினார். நான் எப்படியும் போகப் பிறந்தவன். கொஞ்சம் முந்திப் போனேன், அவ்வளவுதான். போவதற்கு ஒரு பெண் வீடு இருக்கவில்லை, அது வேறு.

பெட்டியில் சாரன்களை வைக்கும்போது சுபைதா கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். அண்ணனை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம்.

"காக்கா, பேரச் சொன்னா என்ன? ஒரு பேர்தானே."

"சொல்ல ஏலா புள்ள."

"ஆரோ ஒருத்தனுக்காக உம்மா வாப்பாவ, என்னயெல்லாம் உட்டுட்டுப் போறாய், என்ன?"

ஓம் என்று தலையை ஆட்டினேன். அவள் போய் அடுப்படியில் சட்டிகளைக் கழுவத் தொடங்கினாள். கழுவிய சட்டிகள்தான்.

இதை எழுதச் சம்மதம் கேட்கப் போனபோது மரைக்காரின் மகனான என் மச்சான் எழுதுங்கள் என்றார். சுபைதா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெயர் அத்தனை வருடமும் அவளுக்குத் தெரியாது.

"அப்பவே சொல்லியிருந்தா இந்தக் கலியாணமே வேணாம் எண்டிருப்பன்" என்றாள்.

"அதனாலதான் சொல்லல்ல" என்றேன்.

மச்சான் எழும்பி வாசலுக்குப் போய்விட்டார்.

கல்முனை அறை

கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில், கயிறும் தூண்டிலும் விற்கிற கடையின் மேல் ஒரு அறை. கீழேயிருந்து தும்பு மணமும் தார் மணமும் வரும். மேசை, கட்டில், ஒரு யன்னல். யன்னலால் பார்த்தால் தெற்கே போகிற பஸ் தெரியும். ஊருக்குப் பத்து நிமிடம்.

பத்திரிகை ஆசிரியருக்கு எப்படியோ விஷயம் எட்டிவிட்டது. நீண்ட கடிதம் எழுதினார். "உங்களுக்கு நேர்ந்ததை நீங்களே எழுதுங்கள். முதற்பக்கத்தில் போடுகிறேன். ஒரு பத்திரிகையாளனை ஊர் விலக்கி வைத்த கொடுமையைத் தேசம் அறியட்டும்." கொழும்புக்கே வந்துவிடும்படியும், மேசை ஒன்று காலியாக இருப்பதாகவும் கடைசியில் இருந்தது.

அந்த மேசை எனக்கு வேண்டியிருந்தது. இரண்டு நாள் பதில் எழுதவில்லை. ஊர்க்கட்டை மெச்சி நான் எழுதிய பதினைந்து விரற்கடையை எடுத்துத் திரும்பப் படித்தேன். மற்றவன் கழுத்தில் விழும்போது மரியாதை, என் கழுத்தில் விழும்போது கொடுமை என்று எழுதக் கை வரவில்லை. தவிரவும், பிழை செய்தவன் நான். "எழுதுவதற்கு ஒன்றும் இல்லை" என்று ஒரு தபாலட்டை போட்டேன். மேசையைப் பற்றி அவர் பிறகு எழுதவில்லை. கடிதங்கள் பத்து விரற்கடைக்கு இறங்கின.

விலக்கு எப்படிப் போனது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஊர் நிறுத்திய ஆள் தோற்றார். ஒரு வருடம் கழித்துப் பழைய கட்சிக்கே திரும்பினார். அதற்குப் பிறகு என்மேல் கோபப்பட யாருக்கும் காரணம் அகப்படவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மோதினார் அறைக்கு ஏறி வந்து, என் முகத்தைப் பார்த்தே கதைத்தார். "வேலியோட கதச்சுக் கதச்சு அலுத்துப் போன தம்பி" என்றார்.

ஆனால் சுபைதாவின் கலியாணம் அதற்கு முந்தி.

குடையோடு வந்தவர்

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது, மத்தியான வெயிலில், குடையைப் பிடித்துக்கொண்டு அகமது லெவ்வை மரைக்கார் படியேறி வந்தார். வந்தது தெரிந்தால் அவருக்கும் விலக்குத்தான். மருதோன்றியிட்ட தாடி வியர்வையில் நனைந்திருந்தது. கட்டிலில் இருந்தார். குடையை மடிக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார். யன்னலைப் பார்த்தார்.

"தம்பி, கலியாணத்தப் பத்திப் பேப்பர்ல ஒரு துண்டு போட ஏலுமா?"

"போடலாம்."

"என்ட பேர் முழுசா வரணும். சின்ன எழுத்தெண்டாலும் காரியமில்ல."

"வரும்."

அவர் எழும்பினார். படியில் இரண்டு எட்டு இறங்கியவர் திரும்பாமலே சொன்னார்: "அண்டைக்கு நான் எழும்பியிருக்கணும் மனே."

நீங்கள் எழும்பாதது எனக்குச் சந்தோஷம்தான் என்று சொல்ல நினைத்தேன். பாதி உண்மைதான் அது. அதற்குள் குடை வெயிலுக்குப் போய்விட்டது.

பாராத செய்தி

நேரில் பாராத எதையும் நான் செய்தியாக அனுப்பியதில்லை. வாய்க்காலுக்குப் போயிருக்கிறேன், கோமாரியில் தோணி கவிழ்ந்தபோது நடந்தே போயிருக்கிறேன். என் தங்கையின் கலியாணம்தான் நான் பாராமல் எழுதிய ஒரே செய்தி.

அன்று பகல் முழுக்க யன்னலடியில் இருந்தேன். தெற்கே போன பஸ்களில் புதுச் சாரன் கட்டிய ஆட்கள் நிறைய இருந்தார்கள். சிலரை எனக்குத் தெரியும். பிற்பகலில் பஸ் வெறுமையாகப் போயிற்று. கீழே கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார், அவருக்கும் அழைப்பு. நான் காலையில் வாங்கிய பாண் ரொட்டியில் மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் வாப்பா வந்தார். செய்திக்கு விவரம் சொல்லத்தான் வந்தார். கடற்கரையில் மீன்பாடு சொல்கிற மாதிரி ஒழுங்காகச் சொன்னார். மாப்பிள்ளை எத்தனை மணிக்கு வந்தார், கலியாணப் பதிவான காவினை எழுதியது யார், நிக்காஹ் முடிந்து பாத்திஹா ஓதியது யார், மரைக்கார்மார் எத்தனை பேர். நான் குறித்துக்கொண்டேன். சுபைதா அழுதாளா என்று கேட்டேன். "பொம்புள அழாம கலியாணமா" என்றார்.

"நீங்க சாப்பிட்டயா வாப்பா?"

"கடைசிச் சகன்ல. எங்கட கயித்துக்காரங்க நாலு பேர், நான். அஞ்சு பேர்தான் இருந்த. மோதினார் ஆறாவது ஆளத் தேடினார். நான் சொன்ன, மூடியத் தொறங்க, ஆள் இரிக்கி எண்டு."

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"ஆரும் ஒண்டும் கேக்கல்ல" என்றார் வாப்பா. "மோதினார் தொறந்தார். சாப்பிட்ட. எனக்குப் பக்கத்தில அந்த மூலச் சோறு அப்பிடியே நிண்ட. ஒருத்தரும் கை வைக்கல்ல."

அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செய்தி அடுத்த கிழமை வந்தது. மரைக்காரின் பெயர் முழுசாக இருந்தது. "ஊரவர் அனைவரும் திரண்டு வந்து மணமக்களை வாழ்த்தினர்" என்று முடிந்தது. வாப்பா அறைக்கு வந்து, பத்திரிகையை மேசையில் விரித்து, செய்தி எங்கே என்று கேட்டு, விரல்களை வைத்துப் பார்த்தார்.

"மூணு விரற்கட."

"ஓம் வாப்பா."

"அந்த மூலச் சோத்தப் போடல்ல, என்ன?"

"போடல்ல."

அவர் பத்திரிகையை மடித்து இடுப்பு வாரில் செருகினார். "நல்லது" என்றார். "அது பாத்திஹாக்குப் பொறகு நடந்ததுதானே."